மேசை அட்டைகள்

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ், மூன்றாம் மாடி, என் அச்சுக்கடை.
நாளை இரவு பல சமய விருந்து.
இருபத்தேழு அட்டைகள், தங்க விளிம்போடு,
மடித்தால் மேசையில் நிற்க வேண்டும்.
பட்டியலின் தலையிலேயே எச்சரிக்கை:
"பட்டம் தவறினால் பெரிய சங்கடம்."

பெயர்கள் சுலபம்.
பெயருக்கு முன்னால் நிற்பதுதான்
ஆளை அலைக்கழிக்கிறது.
சிவாச்சாரியார் என்று பின்னால் வந்துவிட்டால்
முன்னால் திரு எதற்கு?
உஸ்தாஸ் வேறு, இமாம் வேறு.
இரண்டுமாக இருப்பவரைத் தொலைபேசியில் கேட்டேன்.
"எதைப் போட்டாலும் எனக்கு அதே பிரியாணிதானே" என்று சிரித்தார்.
குருத்வாராக்காரருக்கு முன்னே கியானி, பின்னே ஜி,
இரண்டு காவலருக்கு நடுவே நடக்கும் பெயர்.
பிக்குவுக்கு வணக்கத்திற்குரிய.
மெதடிஸ்ட் சபைப் போதகருக்கும் அதே சொல்தான்.
அவரை யாரோ 'திருமதி போதகர்' என்று எழுதியிருந்தார்கள்,
போதகர் வீட்டில் சமைப்பவர் போல.
அழித்தேன். அந்த அழிப்பு இனித்தது.

பதினெட்டாவது வரி:
அருட்தந்தை இக்னேஷியஸ் செங்கோல்.

என் தம்பி. இன்னாசி.

குருப்பட்டம் பெற்ற அன்று அம்மா முழந்தாளிட்டு
அவன் உள்ளங்கைகளை முத்தமிட்டாள்.
தான் பெற்றதைச் சாமி என்றாள்.
அப்பா அதன்பின் அவனை எதுவும் கூப்பிடவில்லை;
தொண்டையைச் செருமுவார், அவன் திரும்புவான்.
நானோ
கோவில் வாசலில் ஃபாதர் என்பேன்,
எங்கள் புளோக்கில்
மின்தூக்கிக் கதவு மூடியதும் டேய்.
பத்தொன்பது வருடம்
இப்படி ஏறி இறங்கினோம்.

போன மாதம் வந்தான், சொட்டும் குடையோடு.
கழுத்தில் வெள்ளைப் பட்டை இல்லை.
"ரோமுக்கு எழுதியிருந்தேன்கா. பதில் வந்துருச்சு."
ஏன் என்று கேட்கவில்லை.
சாப்பிட்டியா என்றேன்.
மீ கோரெங் ஆறிப்போயிருந்தது. அப்படியே தின்றான்.
"எல்லாம் போச்சாடா?"
"சாகப்போறவங்க பக்கத்துல வேற யாரும் இல்லைன்னா
பாவமன்னிப்பு கொடுக்கலாம். அது மட்டும் செல்லும்."
காலாவதியான கடவுச்சீட்டு
ஒரே ஒரு நாட்டுக்குச் செல்வதுபோல.

பட்டியல் போட்டவருக்கு இது தெரியாது.
இன்னாசியை அழைத்தேன்.
பின்னணியில் பீங்கான் கோப்பைகள் மோதும் சத்தம்.
"எடுத்துருக்கா."
"பேரையா? முன்னால இருக்கறதையா?"
கொஞ்ச நேரம் கோப்பைகள் மட்டும்.
"இந்தக் கோப்பிக்கடைல எல்லாரையும் பாஸ்ங்கறாங்க.
என்னையும்தான்.
ஒரு வாரமா அதுக்காகவே வர்றேன்."

இருபத்தாறு அட்டைகள் அடித்தேன்.
ரசீதில் இருபத்தேழு என்றே இருந்தது, திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லப் போனோம்.
அவள் காலையிலேயே தகவல் அனுப்பியிருந்தாள்:
சாமிக்கு வஞ்சிரம் வாங்கிட்டேன், சீக்கிரம் வாங்க.
கீழே ஒரு கிழவர் அவனைப் பார்த்துக்
கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.
மின்தூக்கி வந்தது. கதவு மூடியது.
ஏதோ சொல்ல வாயெடுத்தேன்,
பழக்கம் தலைகீழாகி
"ஃபாதர்" என்று வந்தது.

ஏழாம் மாடிவரை சிரித்தான்.
எட்டிலிருந்து
கண்ணாடியில் தன் சட்டைக் காலரைச் சரிசெய்தான்,
அங்கே சரிசெய்ய ஒன்றுமில்லை.