எண்பதும் எண்பதும் எண்பத்து மூன்று

மே மாதக் களியக்காவிளை.
பள்ளியின் வேதியியல் அறையில் பத்து நாள் வகுப்பு.
நாலு பேருக்கு ஒரு மீட்டர்:
கைக்குள் அடங்கும் மஞ்சள் பெட்டி,
தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டை.
பிபின்ராஜ் அதற்குக் குரங்கு என்று பேர் வைத்தான்.

முதல் நாளே எங்கள் கணக்கு உடைந்தது.
எண்பது டெசிபலில் ஒரு பஸ் நிற்கிறது,
பக்கத்தில் இன்னொன்று, அதுவும் எண்பது.
சேர்ந்தால் எத்தனை என்றார் பிரீடா மிஸ்.
நூற்றறுபது என்று கத்தினோம்.
எண்பத்து மூன்று என்று எழுதிவிட்டுக்
கையைத் துடைத்துக்கொண்டார்.
ராஸிக் மட்டும் கேட்டான்:
அப்போ மீதி சத்தம் எங்கே போச்சு மிஸ்?

எல்லையில் நின்று அளந்தோம்.
இந்தப் பக்கத்து ஆரன் எண்பத்தெட்டு,
அந்தப் பக்கத்து ஆரனும் எண்பத்தெட்டு.
லாட்டரிக் கடையின் பதிவுக் குரல்
நாளெயாணு நாளெயாணு என்று
சோதனைச்சாவடியைத் தாண்டி வந்து
நம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தது, எழுபத்தாறில்.
மீன் ஏலம் எண்பத்தொன்று;
சாளைக்குப் போட்டி இல்லாத நேரம் எழுபது.
ஆஸ்பத்திரி வாசலில்
ஒலி எழுப்பாதீர் பலகைக்கு நேர் கீழே
எழுபத்தொன்பது.
அபிநயா பலகையையும் படம் எடுத்துக்கொண்டாள்.

படிவத்தில் நாலு கட்டம்:
இடம், நேரம், அளவு, மூலம்.
மூலம் என்றால்
யார் சத்தம் போடுவது என்று அர்த்தம்.

ஆறாம் நாள் சந்திப்பில் செல்போன் கடைத் திறப்பு.
இரும்புக் குழாய் கட்டி எட்டுப் பெட்டி,
உச்சியில் நாலு கோளாம்பி.
குரங்கு நூற்றிரண்டு என்றது.
அளவுக் கட்டத்தில் எழுதினேன்.
மூலக் கட்டத்தில் பேனா நின்றது.
ஒவ்வொரு கோளாம்பியின் வாயிலும்
சிவப்பு பெயிண்டில் என் பெயர்.
ஷெமிலா சவுண்ட்ஸ்.
நான் பிறந்த வருடம் வாங்கிய முதல் செட்.
பிபின்ராஜ் சிரிக்கவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜெனரேட்டர் பக்கத்தில் அப்பா
பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தபடி
சாப்பிட வா என்று கையாட்டினார்.
வாய் அசைவது தெரிந்தது.
போனேன். சாப்பிட்டேன்.
திரும்பி வந்து எழுதினேன்: ஷெமிலா.
கட்டம் அதோடு நிரம்பிவிட்டது.

நிறைவு விழாவுக்கு மைக் செட் வேண்டுமென்று
தலைமையாசிரியர் யாருக்குப் போன் போட்டார் என்று
சொல்ல வேண்டியதில்லை.
ரெண்டு பெட்டி இறக்கி, ஒயர் இழுத்து,
ஹலோ ஹலோ முடித்து
மேசைக்குப் பின்னால் குனிந்து கேட்டார்:
எவ்வளவு வேணும் மக்ளே?
அறுபத்தஞ்சு.
அறுபத்தஞ்சு ரூவாயா?
டெசிபல், அப்பா.
குமிழை இடப்பக்கம் திருப்பினார்.
இன்னும் என்றேன். திருப்பினார்.
இன்னும்.
இதுக்கு வாயே போதுமே என்றார்.
குரங்கு அறுபத்துநாலில் வந்து நின்றது.

பேசியவர்கள் எல்லோரும்
மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.
பின்வரிசை நாற்காலிகள் முன்னால் இழுபட்டன.
அந்த இழுபடல் மட்டும் எழுபத்தெட்டு.
மேடையில் எங்கள் வரைபடம்.
சந்திப்பின் மேல் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டை
அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்,
பக்கத்தில் எழுதியிருந்ததையும்.
பிறகு ஒயரைச் சுருட்டினார்.
பாதிச் சத்தம்தானே சார்,
பாதி வாடகை போதும் என்றார்.
பாதி இல்லை, ஆறாயிரத்தில் ஒரு பங்கு என்று
நான் திருத்தவில்லை.

மீட்டரைத் திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும்.
ராத்திரி அது மேசையில் இல்லை.
சுவருக்கு அந்தப் பக்கம், செட் அடுக்கும் அறையில்,
ஒன்று ரெண்டு, ஒன்று ரெண்டு என்று
மைக்கைச் சோதிக்கும் அப்பாவின் குரல்.
ஒவ்வொரு ரெண்டும்
முந்தின ரெண்டைவிடத் தாழ்ந்து.
கடைசி ரெண்டுக்கு
நான் கட்டிலை விட்டு எழுந்து
சுவரில் காது வைக்க வேண்டியிருந்தது.