மூன்று வெங்காயம்

ஏழு மீட்டர் படகில் நான்கு பேர் என்றால்
ஒருவர் புரண்டு படுக்க
மூவர் எழுந்து உட்கார வேண்டும்.
புறப்படும்முன் இதை யாரும் யோசிக்கவில்லை.
குன்வோர் யோசித்திருக்கிறாள்; சொல்லவில்லை.
அமரத்தில் அவளுக்குத்தான் தனிப்பலகை.

ஹாமர்ஃபெஸ்டில் டீசல் பிடித்தோம், கயிறு வாங்கினோம்.
அதற்கப்பால் கடை கிடையாது.
பாறை. எச்சத்தால் வெளுத்த பாறை.
கூரை பறந்துபோன மீன் கிடங்கு ஒன்று,
யாரோ பச்சை பூசத் தொடங்கிப்
பாதியில் விட்டுப்போன அதன் கதவு.

மே மாதக் கடைசி. சூரியன் மறைவதில்லை.
வடக்கே தாழ்ந்து வரும்,
கடலைத் தொடப்போகும் நேரத்தில்
வீட்டில் எதையோ மறந்துவந்தவன் போலத்
திரும்பி ஏறிவிடும்.
இரவு வணக்கம் சொல்ல எங்களிடம் இரவில்லை.
தூங்கப் போகிறவர் "சரி" என்பார்.
மற்றவர்களும் "சரி" என்போம்.

எய்லிஃபும் ஐமுந்தும் மூன்று நாளாகப் பேசவில்லை.
வரைபடத்தில் ஒரு பழுப்புப் புள்ளி:
பாறை என்றான் ஒருவன், காப்பிக் கறை என்றான் மற்றவன்.
கறையைச் சுற்றி இரண்டு மணிநேரம் ஓட்டினோம்.
மறுநாள், புள்ளியே இல்லாத இடத்தில்
படகின் அடி எதிலோ உரசியது,
பல் நறநறப்பது போல,
அதுவும் நம் பல்.
அதன்பிறகு இருவருக்கும் பேச
இன்னும் குறைவாகவே இருந்தது.
"உப்பைக் கொடு" என்பதைக்கூட
என் வழியாகச் சொன்னார்கள்,
நாலடி அகலத்துக்குள்.

பிறகு மூடுபனி.
அணியத்தில் நின்ற ஐமுந்த்
முதலில் வெறும் கோட்டு ஆனான்,
பிறகு வெறும் இருமல்.
அப்போது பார்த்து என்ஜின் இரண்டு தரம் விக்கி நின்றது.
நின்றதும்தான் தெரிந்தது
எத்தனை நாளாய் அந்தச் சத்தத்துக்குள்
ஒளிந்துகொண்டிருந்தோம் என்று.
நீரோட்டம் எங்கோ கொண்டுபோனது.
எங்கே என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

நாய் குரைத்தது.
குரைப்பை நோக்கித் துடுப்புப் போட்டோம்.
இருந்தது இரண்டு துடுப்பு,
எய்லிஃபிடம் ஒன்று, ஐமுந்திடம் ஒன்று.
தாளம் சேரவில்லை; படகு வட்டமடித்தது.
குன்வோர் எரிச்சலோடு எண்ணத் தொடங்கினாள்,
ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு.

பனிக்குள்ளிருந்து ஒரு வீடு வந்தது,
மீன் காயும் பந்தல் வந்தது,
ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் வந்தாள்.
எல்லே என்று பெயர். எங்கள் வயதுதான்.
எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கவில்லை.
"வெங்காயம் இருக்கிறதா?" என்றாள்.

மூன்று இருந்தது. கொடுத்தோம்.
கொட்டகையில் துழாவி
பழைய டீசல் வடிகட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள்;
எந்த என்ஜினுடையதோ, தெரியாது.
கொஞ்சம் பெரிசு. துணி சுற்றி இறுக்கினோம்.
ஏப்ரலிலிருந்து அவளுக்குச் சரக்கு வரவில்லையாம்.
ஒரு வெங்காயத்தை நெடுநேரம் முகர்ந்துவிட்டு
அரிந்தாள், காட் மீன் ஈரலோடு வதக்கினாள்.
ஐந்து பேருக்கும் கண் எரிந்தது,
சாவு வீட்டில் சாப்பிடுகிறவர்கள் போல இருந்தோம்.

உரசிய பாறையைப் பற்றிச் சொன்னோம்.
"ஓ, அதுவா" என்றாள்.
சாமி மொழியில் அதற்கு ஒரு பெயர் இருந்தது.
திருப்பிச் சொல்லிப் பார்த்தோம்;
ஆளுக்கொரு பாறையாக வந்தது.
"போகும்போது இன்னொரு தரம் இடியுங்கள்,
நினைவிருக்கும்" என்றாள்.

கிளம்பும்போது பனி விலகியிருந்தது.
ஜலசந்தியின் நடுவில் புதர் மிதந்து வந்தது.
புதரில்லை, கொம்புகள்.
துருவ மான்கள், முப்பதோ நாற்பதோ,
எதிர்த்தீவின் புல்லுக்கு நீந்துகின்றன,
மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு.
எய்லிஃப் என்ஜினை அணைத்தான்,
மறுபடி பிடிக்காமல் போகலாம் என்று தெரிந்தே.
அத்தனை மூச்சும் கேட்டது.
சின்னது ஒன்று நேராகப் படகை நோக்கி வந்தது.

"இடதுபக்கம் தள்ளு," என்றான் எய்லிஃப்.
என்னிடம் சொல்லவில்லை.
ஐமுந்த் துடுப்பைத் தண்ணீரில் இறக்கினான்.

மிச்சம் ஆறு நாளும் வெங்காயமில்லாத மீன்.
இருவரும் சேர்ந்தே குறை சொன்னார்கள்.