நாற்பத்தொன்று

நோர்வூட் தபாற்கந்தோரில்
செவ்வாய்க்கிழமைப் பையைக் கவிழ்த்தேன்.
ராணியின் பக்கவாட்டு முகத்தோடு
ஈரம் பட்ட உறையொன்று விழுந்தது.
ஐவி பெல்சாம் அம்மையார்,
41, மில் லேன், அப்பர் நோர்வூட்.

முத்திரையில் நாட்டின் பெயர் இல்லை.
முதன்முதல் முத்திரை ஒட்டிய நாடாம்,
அதற்கு மட்டும்
பெயர் போடாமலே உலகம் சுற்றலாம்.

'அப்பர்' என்றால் நம்ம மேக்கணக்குத்தானே
என்றார் தபால்காரர் குழந்தைசாமி.
பெல்சாம் என்று யாரும் பேர்ப்பதிவில் இல்லை.
பெரிய துரையின் நாயாயிருக்கும் என்றார்.

இரவு கைபேசியில் வரைபடத்தை விரித்தேன்.
லண்டனுக்குத் தெற்கே இருக்கிறது அந்த நோர்வூட்.
வடகாடு என்று அர்த்தமாம்.
அதற்கும் தெற்கே சவுத் நோர்வூட்:
தென் வடகாடு!
தனியே சிரித்தேன்.
காட்டை அங்கேயும் வெட்டிவிட்டார்கள்,
பேரைத்தான் வெட்டவில்லை.
எங்கள் வடகாடு ஹட்டனுக்குத் தெற்கே.

அங்கே சமர்செட்டும் டெவனும்
ஒரே வேலிக்கு இரு பக்கம்.
இங்கே நானுஓயா பஸ்ஸில் ஏறினால்
சமர்செட் கழிந்து, தலவாக்கலையில்
தேத்தண்ணி குடித்து,
கால் மரத்த பிறகுதான் டெவன்,
அதுவும் அருவியாக.
கப்பலில் வந்த பெயர்களைக்
குலுக்கிப் போட்டது யாரோ தெரியாது.

காலையில் உறைமேல்
'தவறி வந்தது' என்று குத்தினேன்.
கவலையில்லை.
கடல் தாண்டித் தொலைந்தாலும்
நாற்பத்தொன்று அதற்காகக் காத்திருக்கும்.

அதே பையில் வந்த இன்னொன்று
தொலையவே இல்லை.
நிரோஷினி, மேக்கணக்கு, நோர்வூட்.
வங்கி நேர்முகத்துக்கு அழைப்பு.
இலக்கமில்லாத காம்பராவுக்குக் கடிதம் போகாது,
தோட்டக் கந்தோருக்குத்தான் போகும்.
போனது.
கிளாக்கரின் லாச்சியில்
கொழுந்துக் கணக்குக்குக் கீழே
ஒன்பது நாள் படுத்திருந்தது.
நேர்முகம் ஆறாம் நாள்.

கேட்க வந்தாள்.
அழுவாள் என்று நினைத்தேன்.
கவுண்டரில் முழங்கை ஊன்றி
அந்த வெள்ளைக்காரிக்கு என்ன நம்பர் என்றாள்.
சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை
திருவிழாவில் மிஞ்சிய நீலப் பெயின்டால்
கதவில் எழுதியிருக்கிறாள்: 41.
அந்த லயத்தில் மொத்தம்
பன்னிரண்டு காம்பராதான்.

பக்கத்துக் கதவு மருதவீரன்
தூரிகையை இரவல் கேட்டாராம்:
"அப்ப நான் நாப்பத்திரண்டா?"

இல்லை என்று சொல்லியனுப்பினேன்.
அங்கே பெரும்பாலும் ஒற்றை இலக்கம் ஒரு பக்கம்,
இரட்டை இலக்கம் எதிர்ப்பக்கம்.
நீங்கள் நாற்பத்து மூன்று.

நாற்பத்திரண்டு எதிரே இருக்க வேண்டும்.
எதிரே கான்.
கானுக்கு அப்பால் தேயிலை.