கிடுகிடு பள்ளம்

எஸ்.ஐ. குழந்தைவேல் எழுதியிருந்தது ஒரே வரி:
"கிடுகிடு பள்ளத்தில் தவறி விழுந்து மரணம்."
இருட்டுவதற்குள் இதை ஸ்பானிஷில்
ஒரு தாய்க்கு அனுப்ப வேண்டும்.

கொடைக்கானலில் அந்த மொழி தெரிந்தவள்
நான்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.
சென்னையில் நாலு வருடம், இரவு ஷிஃப்ட்.
வாஷிங் மெஷின் நின்றுபோவதற்கு
எனக்குப் பதினேழு சொல் தெரியும்.
நிலம் உள்வாங்குவதற்கு ஒன்றுகூட இல்லை.

அகராதியைத் திறந்தேன்.
பர்ராங்கோ.
சொல்லும்போதே கல் உருள்கிறது. வேண்டாம்.
கெப்ராதா. உடைந்தது என்று பொருள்.
அதை வேறு நான் எழுத வேண்டுமா.
செல்வா என்று வாய்விட்டுப் படித்தேன்.
"என்னங்க மேடம்" என்று எட்டிப் பார்த்தார் ஜீப் டிரைவர்.
அந்த ஊரில் உங்கள் பேருக்குக் காடு என்று அர்த்தம், என்றேன்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றார்.

பார்த்தது ஒரே ஆள்,
கூக்கால் மாசிலாமணி, பூண்டு ஏற்றப் போனவர்.
"பள்ளமெல்லாம் இல்லம்மா. சோலை.
மேல புல்லு, மடிப்புக்குள்ள மரம்,
அடியில தண்ணி பேசிக்கிட்டே கெடக்கும்.
குடிக்க எறங்கியிருப்பாப்ல. பாசி."

புல், மரம், தண்ணீர்
மூன்றும் ஒரு சொல்லுக்குள் வர வேண்டும்.
விழுகிற ஓசை மட்டும்
அதில் வரக் கூடாது.

ஒந்தோனாதா என்று எழுதினேன்.
தாழ்ந்த இடம். கை குவித்த மாதிரி.
குழந்தைவேல் கையெழுத்துப் போடுமுன் கேட்டார்:
"கிடுகிடு வந்திருச்சுல்ல?"
வந்திருச்சு சார்.

விடியுமுன் பதில்.
காந்தெலாரியா, லா கொமேரா தீவு.
"ஒந்தோனாதா என்றால் எப்படிப்பட்டது?
கண்ணில் வரவில்லை.
பர்ராங்கோவா?
எங்கள் வீடே பர்ராங்கோவின் ஓரத்தில்தான்.
யெராய் நடை பழகியது அதற்குள்.
வாழை போட்டிருக்கிறோம், துணி காயவைக்கிறோம்,
மேலே போனால் மேகத்துக்குள் மரங்கள்.
அந்த மாதிரி இடம்தான் என்றால்
அப்படியே சொல்லிவிடுங்கள்.
தண்ணீர் ஓடுகிறதா?"

கோடையில் வற்றுமா என்று செல்வாவைக் கேட்டேன்.
அவர் மாசிலாமணிக்குப் போன் போட்டார்.
ஸ்பீக்கரில், லாரி இரைச்சலுக்கு நடுவே:
"அது எங்கம்மா வத்தும்."

ஆம், பர்ராங்கோதான் என்று எழுதினேன்.
தண்ணீர் ஓடுகிறது.
அந்த வரிக்கு அகராதி தேவைப்படவில்லை.
வாஷிங் மெஷின் நாட்களில்
ஓர் இரவுக்குப் பத்துத் தடவை எழுதியது.