தோன்றா எழுவாய்

டிசம்பர் பத்தொன்பது.
வாக்காளர்களுக்கு ஆண்டறிக்கை, எண்ணூறு சொல்,
நண்பகலுக்குள் ஸ்கார்விக் வார இதழுக்குப் போக வேண்டும்.
நண்பகல் என்பது இங்கே கடிகாரம் மட்டும் சொல்லும் சேதி.
மூன்று வாரமாகச் சூரியன் எழவில்லை.
தெற்கே மலைவிளிம்பில் கொஞ்சம் நீலம் கசியும்,
ஒரு மணிக்கெல்லாம் அதுவும் கடையைக் கட்டிவிடும்.

நாட்டு நடப்பு முதலில்.
வட்டி விகிதத்தைக் கவலையோடு கவனிக்கிறோம்.
மின்கட்டணத்தையும்.
ராணுவ நிதி கூடியிருக்கிறது. எவ்வளவு என்று எழுதினால்
அடுத்த வரியில் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுத முடியாது.
பதினோரு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தை
நான்காம் பத்திக்கு நகர்த்தினேன்.

அப்புறம் தொகுதி.
காட் மீன் ஒதுக்கீடு குறைந்தது; சிறுபடகுகளுக்காகப் பேசினேன்.
(ஓஸ்லோவில், இரவு பத்தே முக்காலுக்கு, இரண்டு நிமிடம்.
அவையில் ஒன்பது பேர். ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.)
சுரங்கச் சாலைக்குப் புது விளக்குகளைப் போராடிப் பெற்றேன்.
படகுத்துறையைத் திறந்துவைத்தேன்.

அரசியலுக்கு வருமுன் பதினான்கு ஆண்டு
மொழியாசிரியையாக இருந்தவள் நான்.
பேசினேன், பெற்றேன், திறந்துவைத்தேன்:
'நான்' என்று எழுதாமலே நான் தெரிகிறேன்.
வினையின் வாலில் உட்கார்ந்து கையசைக்கும்
தோன்றா எழுவாய்.

ஐந்தாம் பத்தியை நான்கு முறை அழித்து எழுதினேன்.
'மருத்துவமனையின் பிரசவப் பிரிவு மூடப்பட்டது.
வருத்தத்துக்குரிய அம்முடிவு ஜனவரியில் எடுக்கப்பட்டது.'
படு என்பது எவ்வளவு வசதியான சொல்.
செய்தவரைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிடும்.
பட்டவர்கள் வேறு.

கடைசியில் ஒரு நல்ல செய்தி வேண்டும் என்றாள் உதவியாளர் ஐலின்.
பிப்ரவரிப் புயலில் மலைச்சாலை அடைபட்ட இரவு,
நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனைக்குப்
பாதி வழியில்,
ஊட்வாரின் பனிவாரி வண்டிக்குள் பிறந்தது ஒரு பெண் குழந்தை.
தொப்புள்கொடியைக் கட்ட அவர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாராம்.
'நம் மக்களின் ஒற்றுமைக்கு உதாரணம்.
அந்த இளம் தாய்க்கு வாழ்த்துகள்' என்று எழுதினேன்.
ஐலின் ஒரு இதயம் சேர்த்தாள். எடுத்துவிட்டேன்.

ஒன்பதரைக்கு அனுப்பினேன். பத்தரைக்குத் தொலைபேசி.
அச்சகத்தில் பக்கம் கட்டும் ரிஸ்டின்.
நவம்பரில்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள்.

"ரெண்டு எழுத்துப்பிழை, திருத்திட்டேன்.
ஐந்தாம் பத்தியில ஆளைக் காணோம்."
"எந்த ஆள்?"
"எடுக்கப்பட்டதுன்னு இருக்கு. யாராலன்னு இல்ல.
அந்த இடத்துல அரை வரி காலியா நிக்குது, அதான் கேட்டேன்."

அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு கரண்டி
ஏதோ ஒரு தகரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.
பத்து மாதக் கைதான் அப்படித் தட்டும்.
அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

பச்சைப் பொத்தான் நினைவுக்கு வந்தது.
கட்சி சொன்னது, கொறடா பார்த்தார், விரல் போனது.
விரல் போனது என்கிறேன் பாருங்கள், இன்னமும்.

"எண்பத்தைந்து உறுப்பினர்களால் என்று போடு."
"அவ்வளவு பேருக்கு இடமில்ல."

தெற்கே நீலம் கசியத் தொடங்கியிருந்தது.
மலைக்குப் பின்னால் இருப்பது என்னவென்று
இந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது,
அது தலை காட்டாவிட்டாலும்.

"ரிஸ்டின், என்னால் என்று போடு."

விசை தட்டும் ஓசை, நான்கு தரம்.
கரண்டி நிற்கவில்லை.
"இன்னும் இடமிருக்கு," என்றாள்,
"வேற ஏதாவது?"