பற்று, வரவு

முதலில் கிடைத்தது ஒரு நாற்காலிதான்.
இடது கைப்பிடியில் குஞ்சம் இல்லாத நாற்காலி.
பதினேழு அட்டைப்படங்களில்
பதினேழு பேர் அதன்மேல் கை வைத்து நிற்கிறார்கள்,
விட்டால் அது ஓடிவிடும் என்பதுபோல.
அட்டையின் பின்பக்கம் ஊதா மையில்
ஹாவ்ரானெக், கெல்லர்ஸ் மில், விஸ்கான்சின்.
முதற்பெயர் இல்லை. வருடமும் இல்லை.

மாவட்ட நீதிமன்றத்தின் நிலவறையில்
ஏடுகளுக்குப் பொறுப்பு டார்லீன்.
ஒரு ஜோடி கையுறை தந்தாள்.
கொதிகலன் உறுமும், பயப்படாதே என்றாள்.

1870 மக்கள்தொகைக் கணக்கில்
அவன் ஹாவர்னிக், வீடுகளுக்குச் சாயம் பூசுபவன்.
80இல் ஹாரி நெக், கலைஞன்.
அந்தச் சொல் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது,
எழுதியவர் சிரித்திருக்கலாம்.
90ஆம் வருடக் கணக்கு தீயில் போனது.
அப்போது அவன் இருந்தானா என்று
தீயைத்தான் கேட்க வேண்டும்.

வரி ஏட்டில் கேமரா ஒன்று, பசு ஒன்று.
மறுவருடம் கேமரா மட்டும்.

உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு விரல் அகலத்துக்கு விளம்பரம்:
மூட்டமான நாளிலும் படம் எடுக்கப்படும்.
கைக்குழந்தைகளைக் காலை பத்துக்குள் கொண்டுவரவும்.
விறகு, முட்டை, ஓட்ஸ் ஏற்கப்படும்.

பிறகு அந்த வழக்கு.
அக்டோபர் 1884, ஹாவ்ரானெக் எதிர் ஐடெ,
மூன்று டாலர் பாக்கி.
ஹால்வோர் ஐடெ, குடியானவன், சொன்னது:
எனக்கு மகன் ஒருவன்தான்.
இந்தப் படத்தில் அவனுக்குத் தலை இரண்டு.
படம் எடுத்தவன் சொன்னது:
ஆறு எண்ணும்வரை ஆடாமல் அசையாமல் இரு என்றேன்.
நாலு எண்ணும்போது
பையன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

நீதிபதிக்குப் பசி நேரமோ என்னவோ,
தீர்ப்பு ஒன்றரை வரி.
வழக்கு தள்ளுபடி. அவரவர் செலவு அவரவருக்கு.
படத்தை எடுத்தவனே எடுத்துப் போகட்டும்.

இதோடு விட்டிருக்கலாம். மதியம் ஆகிவிட்டது.
ஆனால் ஐடெ என்ற பெயர் கண்ணில் ஒட்டிக்கொண்டது,
வேறு எதையோ தேடிப் புரட்டியபோது
இறப்புப் பதிவேட்டில் தட்டுப்பட்டது.
பிப்ரவரி 85. ஆஸ்மண்ட் ஐடெ. வயது ஐந்து.
தொண்டை அடைப்பான்.
அதே வாரம் அதே சாலையில் இன்னும் நான்கு வீடுகள்.

ஹாவ்ரானெக்கின் நாள்கணக்கு
ஏலத்தில் மிஞ்சிய பெட்டியோடு இங்கே வந்திருக்கிறது.
எலி கடித்தது போக மீதியில்
மார்ச் 9.
வரவு: ஐடெ, பழைய படம், மூன்று டாலர்.
பற்று: ஐடெ, மூன்று டாலர்.
இரண்டும் ஒரே நாள், ஒரே மை.
காரணம் எழுத அந்த ஏட்டில் கட்டம் இல்லை.

96இல் ஷெரிப் எடுத்த ஜப்திப் பட்டியல்:
வரைந்த ஏரி ஒன்று, கிழிசல்.
கண்ணாடித் தகடு எட்டுப் பெட்டி, எடைக்கு.
நாற்காலி ஒன்று, பழுது, நாற்பது சென்ட்.
வாங்கியவர் பெயரில் தண்ணீர் பட்டு மை பரவியிருக்கிறது.
முதல் எழுத்து ஹெச் போலிருக்கிறது.
விளக்கை நகர்த்தினால் கே.
நானும் எத்தனை முறை விளக்கை நகர்த்தினேன்.

அதன்பின் எந்த ஏட்டிலும் அவன் இல்லை.
நான் இதுவரை பார்த்த படங்களில்
எல்லோருக்கும் தலை ஒன்று.

பூட்டப் போகிறேன் என்று
மேலிருந்து டார்லீன் கூப்பிட்டாள்.
திரும்பிப் பார்த்தேன்.