கை படாதது

நவம்பர். சோளம் அறுத்த வயல்களுக்கு நடுவே
அயோவாவில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கு.
ஏலம் கூவுகிறவர் லைல் ஓஸ்டர்.
விலை எழுதுகிறவள் நான்.
பதினேழு வருடமாக எழுதுகிறேன்,
பொம்மைகளில் எனக்கு ஆசை கிடையாது.

எழுதி எழுதிக் கற்றது:
சக்கரம் கழன்றால் பாதி விலை.
மறுபடி வர்ணம் பூசியதென்றால் அதிலும் பாதி,
எவ்வளவு அழகாகப் பூசியிருந்தாலும்.
மணலில் உழுதது, மழையில் கிடந்தது,
ஸ்டீயரிங்கில் பால்பல் பதிந்தது,
அடிவயிற்றில் ஆணியால் பெயர் கிறுக்கியது
எல்லாம் மேஜைக்குக் கீழே,
டப்பா பத்து டாலர்.
கடையில் தந்த அட்டைப்பெட்டி கூடவே வந்தால்தான்
கூட்டம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடும்.
உள்ளே இருந்ததைவிடப் பெட்டி
அதிக விலை போன நாளும் உண்டு.

சுருக்கமாக,
எந்தப் பிள்ளையும் விளையாடாத டிராக்டர்தான்
நல்ல டிராக்டர்.

எண் நூற்றுப் பதினான்கு.
ஐம்பத்தாறாம் வருடத்துச் சிவப்பு, அலுமினிய வார்ப்பு,
ஒரு சாண் நீளம்.
டயரில் அச்சுப் பிசிறுகூட உதிரவில்லை.
குளியல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தவர்
டெல்மர் ஹாவர்காம்ப், வயது எழுபத்தைந்து.

"எப்படி இப்படிக் காப்பாற்றினீர்கள்?"
லைல் மைக்கை நீட்டினார்.
"நான் இல்லை, அப்பா.
பிறந்தநாளன்று பட்டிக் கதவைத் திறந்து போட்டுவிட்டேன்.
இருபத்திரண்டு பன்றிகள், நெடுஞ்சாலையில்.
இதைப் பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டார்.
புத்தி வரட்டும், தருகிறேன் என்றார்."
"அப்புறம்?"
"வரவில்லை போலிருக்கிறது."
அரங்கு சிரித்தது. அவரும்தான்.

ஆயிரத்தில் தொடங்கியது.
நெப்ராஸ்காவிலிருந்து வந்த ரோட்னி ப்ரூச்
தூக்கிய அட்டையை இறக்கவே இல்லை.
நாலாயிரத்து இருநூறு
ஒரு தரம்
நாலாயிரத்து இருநூறு
ரெண்டு தரம்
சுத்தியல்.

'நிலை' என்ற கட்டத்தில்
'புதிது' என்று எழுதினேன்.
பீரோவின் உயரத்தை எழுத
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

டெல்மர் நகரவில்லை.
"ஒரே ஒருமுறை உருட்டிக்கொள்ளட்டுமா?"
ரோட்னி வெள்ளைக் கையுறையை
விரல் விரலாக மாட்டிக்கொண்டிருந்தார்.
கெட்டவர் இல்லை, யோசித்துத்தான் சொன்னார்:
"கீறல் விழுந்தால் நூறு டாலர் போச்சு."
டெல்மர் பர்ஸைத் திறந்து
ஒரு நூறை என் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மண்டியிட வெகுநேரம் பிடித்தது.
ஒரு மூட்டு அவருடையது,
ஒரு மூட்டு ஆஸ்பத்திரியுடையது.
கூடைக்குக் கீழிருந்து நடுவட்டம்வரை தள்ளினார்,
வார்னிஷ் தரையில்,
முதலில் ஒரு விரலால், பிறகு உள்ளங்கையால்.
வாயால் இன்ஜின் சத்தம் போட்டாரா, தெரியாது.
பை விற்கிற மேஜையில்
காபி இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

எழுந்தவர், பேன்ட்டைத் தட்டிக்கொண்டு,
"இடப்பக்கம் இழுக்கிறது" என்றார்.
"முன் அச்சு கோணல்.
வாங்கின அன்றைக்கே கோணலாகத்தான் இருந்திருக்கும்."
அறுபத்தெட்டு வருடமாக
யாருக்கும் தெரியாத சங்கதி.

ரோட்னி பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.
கீறலே இல்லை.
நூறைத் திருப்பி நீட்டினார், நியாயமான ஆள்.
டெல்மர் அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு
வாசலில் யாரிடமோ
பனி விழுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயந்தரம் கூட்டினால் கணக்கு உதைக்குமே.
நூற்றுப் பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே
பொடி எழுத்தில் ஒரு வரி நுழைத்தேன்:
உருட்டியது, ஒருமுறை. நூறு டாலர்.

லைல் அடுத்ததைத் தூக்கிவிட்டார்.
பச்சை. பெட்டி இல்லை. பல் தடம் உண்டு.
யாராவது ஐந்து?